பதினான்காம் வார்டுக்குக் கிடைத்த பாராட்டு

ஒரு நகராட்சியின் சுகாதாரப் பிரிவில், ஒரே நாளில், ஒரே மேடைக்குப் பக்கத்தில் மூன்று பேர் தலைகுனிந்து நின்றார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், கேட்ட பிறகு நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

முதலாமவர் பேச்சியம்மாள். ஏழு வருடமாகக் கொசு ஒழிப்பு வேலையில் தினக்கூலி. வாரம் ஒருமுறை பதினான்காம் வார்டில் வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டி, குடம், மாடியில் கிடக்கும் பழைய சாமான் என்று எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து மருந்து ஊற்றிவிட்டு, அந்த வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வார்டில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் மாடி வீடு இருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் பேச்சியம்மாள் படியேறும்போது அவர் தடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாலும் படி அழுக்காகிறது, கீழேயே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போ என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளுக்கு உடம்பு கூசிப்போனது. அலுவலகத்தில் சொன்னால் மறுபடியும் அந்தப் படியில் ஏறச் சொல்வார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் வாசலில் நின்றபடியே ‘புழு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது வாரம் அந்தத் தெருவில் டெங்கு வந்தது. பதினொரு பேர் படுத்தார்கள். பக்கத்து வீட்டு அபிநயாவுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதில் மூன்று நாள், பிழைப்பாளா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை.

இரண்டாமவர் சுகாதார ஆய்வாளர் தேவசகாயம். தெருவில் காய்ச்சல் என்று தெரிந்ததிலிருந்து அவர் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு சாக்கடை, கிணறு, காலிமனை எல்லாம் தேடினார். அந்த மாடியை மட்டும் விட்டுவிட்டார். அட்டையில்தான் ‘புழு இல்லை’ என்று இருக்கிறதே.

நான்காம் நாள் காலை பேச்சியம்மாள் அவர் முன்னால் வந்து நின்றார்.

“சார், அந்த மாடிக்கு நான் ஏறவே இல்ல. மூணு வாரமா கீழ நின்னு பொய்க் கையெழுத்துப் போட்டேன்.”

தேவசகாயம் உடனே அந்த வீட்டுக்குக் கிளம்பினார். மாடியில் விளிம்பு உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது. அது முழுக்கப் புழு. அன்றே தொட்டியைக் கவிழ்த்தார்கள். அதன் பிறகு புதிதாகக் காய்ச்சல் கண்டவர்கள் குறைந்தார்கள். மூன்று வாரத்தில் அடியோடு நின்றது.

அறிக்கை எழுதும்போது தேவசகாயம் யோசித்தார். உண்மையை எழுதினால் பேச்சியம்மாளுக்கு வேலை போய்விடும். புருஷன் இல்லாத பெண். ‘ஆய்வாளரின் நேரடி ஆய்வில் கண்டறியப்பட்டது’ என்று எழுதி அனுப்பினார்.

மூன்றாமவர் நகர்நல அலுவலர் டாக்டர் உமையாள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, அந்த ஆண்டின் சிறந்த பணியாளர் தேவசகாயம்தான் என்று முடிவு செய்தார். சான்றிதழ் அச்சாகிவிட்டது. விழாவுக்கு நகராட்சித் தலைவரை அழைத்தாயிற்று.

விழா நாளன்று காலை தேவசகாயம் உமையாளின் அறைக்குப் போய், நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டார்.

“இது எனக்கு வேண்டாம் மேடம். கண்டுபிடிச்சது நான் இல்ல.”

உமையாள் அச்சான சான்றிதழை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இப்ப நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. சொன்னா அந்தம்மாவுக்கு வேலை போகும். இன்னைக்கு வாங்கிக்குங்க, தேவசகாயம். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் வாங்கிக்கொண்டார். சால்வை போர்த்தியபோது குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை. பணிவு என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். விழாவுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நிறுத்தப்பட்டிருந்த பேச்சியம்மாளும் தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அபிநயாவின் அம்மா வந்திருந்தார். தேவசகாயத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள் என்று அழுதார். பிறகு பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நீங்களும் இவரோடு எங்கள் தெருவுக்கு வந்தீர்களா என்று கேட்டார்.

“இல்லம்மா. நான் இங்க தண்ணி குடுக்கிற ஆளு,” என்றார் பேச்சியம்மாள்.

அதை மேடையோரம் நின்ற உமையாளும் கேட்டார், தேவசகாயமும் கேட்டார். மூவரின் தலையும் குனிந்தது.

‘அப்புறம்’ என்று சொன்ன அந்த நாள் வரவேயில்லை. தேவசகாயம் மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போனார். பேச்சியம்மாள் அதே வார்டில் அதே கூலிக்கு வேலை செய்தார். யார் தடுத்தாலும் மாடிக்கு ஏறிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒருவர் பொய்யாகக் கையெழுத்திட்டார். ஒருவர் தான் கண்டுபிடிக்காததைத் தன் பெயரில் எழுதினார். ஒருவர் தெரிந்தே விருதைக் கொடுத்தார். மூவரும் வெட்கப்பட்டார்கள். இவர்களில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: பேச்சியம்மாளின் தவறுதான் ஒரு குழந்தையைச் சாவின் பக்கம் வரை கொண்டுபோனது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் அவர் வாய் திறந்தார். தேவசகாயம் வாய் திறந்தால் இன்னொருத்தியின் பிழைப்புப் போகும். அப்படியும் அவர் அதிகாரியிடமாவது சொன்னார். ‘பணியாளர் தந்த தகவலின்படி’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால் பொய்யும் இல்லை, ஆபத்தும் இல்லை. அது அவருக்குத் தோன்றாமல் போனது. உமையாளுக்கோ இழப்பதற்கு ஒரு விழாவைத் தவிர வேறெதுவும் இல்லை. அன்று விருதை நிறுத்தவும், பேச்சியம்மாளைக் காப்பாற்றவும் அதிகாரம் இருந்தது அவர் ஒருவரிடம்தான். ஆகவே அதிகம் வெட்கப்பட வேண்டியவர் அவரே. இந்த விடை என்னுடையது அல்ல. ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கதையை எனக்குச் சொன்ன உமையாள், கேள்வியையும் கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் விடையையும் அவரே சொல்லிவிட்டார்.