நீர்நாய் கேட்ட ஓட்டு

மூங்கில் காட்டுக் குளத்தில் செவந்தி என்றொரு நீர்நாய் இருந்தது. காட்டுச் சபையில் அதுவும் ஓர் உறுப்பினர்.

அந்தச் சபையில் கை தூக்கும் வழக்கமில்லை. தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் குளத்தில் இறங்கி நிற்க வேண்டும். தண்ணீர் ஏறிப் பாறையில் உள்ள வெள்ளைக் கோட்டைத் தொட்டால் தீர்மானம் பாஸ்!

"குளத்தங்கரையை யாரும் உடைக்கக் கூடாது" என்று செவந்தி வருஷாவருஷம் தீர்மானம் கொண்டுவரும். தவளையும் முயலும் இறங்கும். தண்ணீர் அசையாது. மீன்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அவற்றுக்கு ஓட்டில்லை.

"அடுத்த வருஷமும் வருவேன்" என்று உடம்பை உதறிக்கொண்டு செவந்தி போகும்.

இந்த வருஷம் காட்டுப்பன்றி கருமன் வேறு தீர்மானம் கொண்டுவந்தது. குளத்தை வடியவிட்டால் சேற்றில் கோரைக்கிழங்கு தோண்டலாமாம். யானை கொம்பையாவுக்குப் பலாப்பழமும் கொடுத்தாகிவிட்டது. கொம்பையா இறங்கினால் ஏறுகிற தண்ணீரில் மீன்களெல்லாம் புளியமரத்தில் போய் உட்காரும்.

செவந்தி யானையிடம் ஓடியது. "அண்ணே, குளம் போனா எங்கே குளிப்பீங்க?"

"பழத்தைத் தின்னுட்டேனே தாயி."

"தின்னா என்ன? நான் கேக்கிறதை நிறுத்தமாட்டேன்."

ஓட்டு நாள் வந்தது. பன்றிகள் இறங்கின. கொம்பையாவும் இறங்கி உட்கார்ந்தது. தண்ணீர் அதன் தொப்பையைக்கூட நனைக்கவில்லை. பொறுக்கமாட்டாத பன்றிகள் முந்தின சாயங்காலமே கரையை உடைத்துக் கிழங்கு தோண்டியிருந்தன!

"எல்லாரும் இறங்குங்கடா!" என்று கருமன் கத்தியது.

"எதுல இறங்க? தண்ணியைத்தான் நீங்களே வடிச்சிட்டீங்களே" என்றது செவந்தி.

தீர்மானம் தோற்றது. ஆனால் குளம் வடிந்துகொண்டே இருந்தது.

"முதுகு காந்துது தாயி. என்ன செய்யணும்?" என்றது கொம்பையா.

"உடைப்புல போய் உக்காருங்கண்ணே."

கொம்பையா உட்கார்ந்தது. மற்றவர்கள் மண் சுமந்து அடைத்தார்கள். மண் இறுகும்வரை யானை எழவில்லை. அதற்குள் அதன் காதில் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது.

மழை பெய்து குளம் நிறைந்தது. செவந்தி தன் பழைய தீர்மானத்தையே மறுபடி சொன்னது. ஒருவரும் கால் நனைக்கும் முன்பே தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றது.

"செல்லாது! யாருமே இறங்கலையே?" என்றது கருமன்.

"குளமே ஓட்டுப் போட்டிருக்கு. சந்தேகம்னா கிட்டப் போய்ப் பாருங்க."

கருமன் கோபத்தோடு குளத்தில் இறங்கிப் பாறையருகே போனது. தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியது.

"அண்ணன் ஓட்டும் நமக்கே!" என்றன தவளைகள்.

எத்தனை முறை தோற்றாலும் நியாயத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் ஒருவர் இருந்தால், எல்லோருக்குமான தண்ணீரை எவரும் தனக்கென்று பறித்துவிட முடியாது.