மிச்சம் பிடித்த பண்டாரி

கடலோர ஊர் ஒன்றில் பிறை ஓட்டல் என்று ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே கஞ்சி மணக்கும்; காய்ச்சுகிறவர்களுக்கு மூளைதான் கொஞ்சம் மட்டு. சமையலுக்கு நெய்னா பண்டாரி, பரிமாற உதுமான், பாத்திரம் கழுவப் பாவா. மூன்று பேருமே முதலாளி சொல்லைத் தட்டாதவர்கள். வினையே அதுதான்.

நோன்பு மாதத்தில் சாப்பிட வருகிறவர்களுக்குப் பசி கண்ணில் இருக்கும். ஆளுக்கு நாலு வடை, மூணு சமோசா என்று வாங்கிக் குவிப்பார்கள். நோன்பு திறந்து ஒரு கோப்பைக் கஞ்சி உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். மீதியெல்லாம் குப்பைத் தொட்டிக்கு. ஒருநாள் முதலாளி அபுல்ஹசன் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்துக் கொதித்துப்போனார்.

“இன்னிக்கு மிச்சம் பிடிக்கணும், சொல்லிட்டேன்! இந்தத் தொட்டியில ஒரு பருக்கை கெடந்தாலும், போட்டவனுக்கு இங்க வேலை கெடையாது!”

நெய்னா பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடித்த மனுஷர். வேறு பிழைப்புத் தெரியாது. அடுப்படியிலேயே ஆலோசனை கூடியது.

“மிச்சம் பிடிக்கணும்னா மொதல்ல மிச்சம் இருக்கணுமே, காக்கா?” என்றான் உதுமான். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“எப்பவும் இருக்கிற மிச்சம் பத்துமா?” என்று கவலைப்பட்டார் நெய்னா.

பாவா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “பத்தாது காக்கா. கூட ரெண்டு சட்டி ஏத்துவோம்.”

ஏற்றினார்கள். நோன்பு திறக்கும் நேரமாகி, பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொன்னதும் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு அண்டாவோடு பெஞ்சுகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பின்னால் ஒருவன் அண்டாவோடு நின்று வாயையே பார்த்தால் யார்தான் மிச்சம் வைப்பார்? எல்லோரும் பயந்து வழித்துத் தின்றார்கள். தட்டெல்லாம் கழுவினாற்போல் இருந்தது. நெய்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மாமா, நோன்பும் அதுவுமா ஒரு நன்மை செய்யுங்க. அரை வடை மிச்சம் வைங்க. இல்லேன்னா என் வேலை போயிரும்” என்று பெஞ்சில் இருந்த மளிகைக்கடைக்காரரிடம் கெஞ்சினார்.

அவர் இளகிய மனசுக்காரர். கடித்த வடையை அப்படியே நீட்டினார். செய்தி கடை முழுக்கப் பரவியது. பாவம் பண்டாரி என்று, தின்று முடித்தவர்கள்கூடப் புதிதாக வாங்கி மிச்சம் வைத்தார்கள். மூன்று அண்டாவும் நிரம்பின.

“பிடிச்சாச்சு. எங்க வைக்கிறது?” என்று கேட்டான் பாவா.

“வைக்கவா சொன்னாரு? பிடிக்கத்தானே சொன்னாரு!” என்றார் நெய்னா.

தொழுதுவிட்டு முதலாளி திரும்பினார். தொட்டியைத் திறந்தார். பளிச்சென்று இருந்தது. முகம் மலர்ந்து திரும்பினால், மூன்று பேர் அண்டாவைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

“என்னய்யா இது?”

“மிச்சம் பிடிச்சிருக்கோம், முதலாளி.”

அபுல்ஹசன் தலையில் கை வைத்துக்கொண்டார். “போதும், விடுங்கப்பா!”

“விட்டுரவா?” நெய்னா பொறுப்பாகத்தான் கேட்டார்.

“விடுங்கய்யா!”

விட்டார்கள். கஞ்சி வாசல்வரை ஓடியது.

முதலாளி தாமே துடைப்பம் எடுத்து, எல்லாவற்றையும் முறத்தில் வாரிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார். நெய்னா பாய்ந்துபோய் அதன் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார்.

“வேண்டாம் முதலாளி! ஒரு பருக்கை போட்டாலும் வேலை போயிரும். இந்த வயசுல உங்கள எவன் வேலைக்குச் சேத்துக்குவான்?”