முத்தருவிக்கு இரண்டு கட்டணம்

கொன்றைக்காட்டில் முத்தருவி என்று ஓர் அருவி இருந்தது. காலை வெயில் பட்டால் போதும், தண்ணீரின் மேல் வானவில் எழும்பி நிற்கும். அதைப் பார்க்க மலை தாண்டியும் ஆறு தாண்டியும் விலங்குகளும் பறவைகளும் வந்துகொண்டே இருந்தன.

அருவிக்குப் போக ஒரே வழிதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான இடுக்கு. அங்கே ஒரு கரடி காவல் இருந்தது. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு நெல்லிக்கனி கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் கரடி காட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டது.

"வெளிக்காட்டுக் கூட்டம் தாங்க முடியவில்லை! கரையை மிதித்துச் சேறாக்குகிறார்கள். தின்ற கொட்டையைத் தண்ணீரிலேயே துப்புகிறார்கள். சுத்தம் செய்வது யார்? நான்! இனிமேல் நம் காட்டாருக்கு ஒரு கனி. வெளியாருக்கு இருபது கனி. என்ன சொல்கிறீர்கள்?"

"சம்மதம்! சம்மதம்!" என்று முதல் ஆளாகக் கத்தியது ஒரு கடமான். அதன் பெயர் கருங்கொம்பன்.

மயில் மட்டும் தயங்கியது. "வேடிக்கை பார்க்க வருகிறவரிடம் கூடுதலாக வாங்கிக்கொள், தப்பில்லை. ஆனால் தாகத்தோடு ஒருவர் வந்தால்?"

"அது அவர்கள் பாடு! நமக்கு ஒரு கனிதானே? பேசாமல் இரு!" என்றது கருங்கொம்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே சட்டம் நடப்புக்கு வந்தது.

சட்டம் போட்டாகிவிட்டது. உள்ளூரார் யார், வெளியார் யார் என்று பிரிப்பதுதான் கரடிக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு நாள், மடியில் குட்டியோடு ஒரு குரங்கு வந்தது. "நான் இந்தக் காடுதான்" என்று சொல்லி ஒரு கனியை நீட்டியது.

பின்னால் நின்ற கருங்கொம்பன் காதை விடைத்தது. "பொய்! நம் பக்கத்துக் குரங்கு இப்படி இழுத்து இழுத்துப் பேசாது. இது வெளிக்காடு!"

கரடி குரங்கை விரட்டிவிட்டது. அன்று கருங்கொம்பனிடம் கனி வாங்காமலே உள்ளே விட்டது. கருங்கொம்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கோடை கொடுமையாக வந்தது. குட்டைகள் காய்ந்தன. நெல்லி மரங்கள் மொட்டையாயின. சுற்று வட்டாரத்தில் தண்ணீர் என்று மிஞ்சியது முத்தருவி மட்டும்தான். அதுவும் நூல் போல ஒழுகியது. அப்போதும் கரடி இடுக்கைவிட்டு நகரவில்லை. சட்டமும் மாறவில்லை.

கருங்கொம்பனுக்கு மருதி என்று ஒரே ஒரு மகள். துணை தேடிக்கொண்டு தூரத்துக் குன்றிமலையில் குடியேறியிருந்தாள். அந்தக் கோடையில் குன்றிமலையில் காட்டுத்தீ பிடித்தது. அவளுடைய துணை அதில் கருகிப்போயிற்று. மருதி தன் கன்றை முட்டித் தள்ளி நடக்கவைத்து, பிறந்த காட்டை நோக்கி வந்தாள். இடுக்கின் முன்னால் வந்ததும் கன்று படுத்துவிட்டது.

"கரடியண்ணா, கன்றுக்கு ஒரு வாய் தண்ணீர்!"

"இருபது கனி."

"மரத்தில் ஒரு கனி இல்லையே, அண்ணா! நான் மருதி. கருங்கொம்பன் மகள். இங்கேதான் பிறந்தேன்!"

"பிறந்தாய், சரி. இருப்பது எங்கே? குன்றிமலையில்தானே? வெளியார்தான் நீ!"

வரிசையில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். "எங்களுக்கே தண்ணீர் பற்றவில்லை. இதில் வந்தவர்கள் வேறா?"

கருங்கொம்பன் அப்போது உள்ளேதான் இருந்தது. அருவியடியில் குளிர்ந்த சேற்றில் கண்ணை மூடிக் கிடந்தது. மயில் பறந்து போய்ச் சொன்னதும் துள்ளி எழுந்து ஓடிவந்தது.

"கரடி! இவள் என் மகள்! கிடப்பது என் பேரக்கன்று! வழி விடு!"

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், கருங்கொம்பா. முதலில் சம்மதம் சொன்னதே நீதானே?"

மருதி தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தாள்.

கருங்கொம்பன் மறுபடியும் உள்ளே ஓடியது. வாய் நிறையத் தண்ணீரை மொண்டுகொண்டு, கரடியை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. மண்டியிட்டு, கன்றின் வாயில் தண்ணீரை விட்டது. கன்றின் நாக்கு அசையவில்லை. விட்ட தண்ணீர் கடைவாய் வழியாக ஒழுகிப் புழுதியில் இறங்கியது.

"குடிடா கண்ணே! குடி!"

மருதி கன்றின் நெற்றியை நக்கினாள். நெடுநேரம் நக்கினாள்.

கரடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு தணிந்த குரலில், "நீயாவது உள்ளே போய்க் குடியம்மா. கனி எதுவும் வேண்டாம்" என்றது.

"இப்போது நான் எந்தக் காடு?" என்று கேட்டாள் மருதி.

அவள் எழுந்து, வந்த வழியே நடந்தாள்.

"மருதி! நில்லம்மா! அங்கே தண்ணீர் இல்லை, தாயே!"

அவள் நிற்கவில்லை. கருங்கொம்பன் பின்னால் ஓடப் பார்த்தது. கால் மடங்கி, கன்றின் பக்கத்திலேயே விழுந்தது. அவள் மேட்டில் ஏறி, கருகிய புதர்களுக்குள் மறையும் வரை பார்த்துக்கொண்டே கிடந்தது.

பிறகு ஒரு காட்டுப்பன்றி, கன்றைச் சுற்றிக்கொண்டு போய், முன்பே சேர்த்துவைத்திருந்த வற்றல் கனி ஒன்றைக் கரடியின் முன்னால் வைத்தது. அடுத்து ஒரு முயல் வந்தது. வரிசை நகரத் தொடங்கியது.

யாரோ ஒருவருக்குத்தானே என்று நாம் தலையாட்டிய அநீதி, ஒரு நாள் நம்மவரையே யாரோ ஒருவராக்கிவிடும்.