தோல்முட்டையும் தலைப்பாகையும்

வெகு காலத்துக்கு முன்பு மயிலூரணி என்ற நாட்டை வல்லபூபதி என்ற ராஜா ஆண்டு வந்தார். அவர் தன் தாயாரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அரண்மனைக் கொல்லையில், கோழிக்கூட்டின் பக்கத்தில். ராஜமாதாவின் முந்தானையில் நொய்யரிசி இருந்தது. சிட்டு என்ற சாம்பல் நிறக் கோழி அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளப்பா" என்றார் ராஜமாதா.

ராஜாவுக்கு வேட்டைக்குப் போகிற அவசரம். "சரியம்மா" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். திரும்பி வந்தபோது தாயார் இல்லை. கோழி மட்டும் இருந்தது.

அன்று முதல் ராஜாவுக்குச் சிட்டுதான் உலகம். சந்தன மரத்தில் அதற்கு ஒரு மண்டபம் கட்டினார். கொல்லையில் இருந்தபோது அது சுவரைக் கொத்திக் கொத்திப் பள்ளமாக்கியிருந்தது. "சுவரைத் தின்கிற தரித்திரம் இனி எதற்கு மகாராஜா?" என்று சமையற்கட்டு அதிகாரி மார்த்தாண்டர் மண்டபத்தின் நான்கு பக்கமும் பட்டுத்திரை கட்டினார்.

"நான் சாப்பிடுவதையே அதுவும் சாப்பிடட்டும்" என்றார் ராஜா. நெய்ச்சோறு, பாதாம், பால்கோவா என்று தட்டுத் தட்டாகப் போயிற்று. "அதன் தட்டில் குறை சொல்கிறவன் என் தட்டில் குறை சொன்னவன். அவனுக்குச் சிறைதான்!" என்று முரசும் அறைந்தாயிற்று.

கொஞ்ச நாளில் சிட்டு தோல்முட்டை இடத் தொடங்கியது. மேலே ஓடே இல்லை. எடுத்தால் கையில் கொழகொழவென்று வழிந்தது. கோழியும் சோர்ந்துபோய் மூலையில் உட்கார்ந்துகொண்டது.

மார்த்தாண்டருக்கு இதுதான் சமயம். அமைச்சர் குழைக்காதரின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். கோழியைப் பார்த்துக்கொள்ளச் செம்பாயி என்பவளை அமர்த்தியதும் அந்த அமைச்சர்தான்.

"மகாராஜா, செம்பாயி ஏதோ சூனியம் வைத்துவிட்டாள். கோழி போனால், அம்மா விட்டுப்போன உயிரும் போனது போலத்தான்" என்றார்.

ராஜா கொதித்துப்போனார். "அமாவாசைக்குள் சிட்டு ஓட்டோடு முட்டை இடவில்லையென்றால் இவள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

"ராசா, புள்ளை மாதிரி வளர்த்தேன் ராசா" என்று செம்பாயி அழுதாள். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழைக்காதர் கொல்லைக்குப் போய் அந்தச் சுவர்ப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. சிரித்துக்கொண்டே சபைக்கு வந்தார்.

"மார்த்தாண்டரே, கோழிக்குக் கொஞ்சம் சுண்ணாம்புக் காறை கொடுத்துப் பார்க்கலாமா?"

"சுண்ணாம்பா! சுவரில் பூசுவதை வயிற்றிலா போடுவது? விஷம் மகாராஜா, விஷம்!"

"மார்த்தாண்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அமைச்சர் தலையசைத்தார். "விஷம் என்று தெரிந்த பிறகு அரண்மனைக்குள் ஒரு பொட்டுகூட இருக்கலாமா மகாராஜா?"

"கூடாது! எல்லாவற்றையும் வெளியே கொட்டுங்கள்!"

மார்த்தாண்டரே முன்னால் நின்று கொட்டவைத்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து ராஜா வெற்றிலை போட்டார். மென்றார், மென்றார், தாடை வலித்தது. ராணியிடம் நாக்கை நீட்டினார்.

"புல் மேய்ந்த மாடு மாதிரி பச்சையாக இருக்கிறது" என்றாள் ராணி.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குழைக்காதரே! இது என்ன இலை?"

"இன்று காலை கொடிக்காலில் கிள்ளியது மகாராஜா."

"பாக்கு?"

"முதல் தரம்."

"பிறகு என்னய்யா குறை?"

"மகாராஜா தட்டில் குறை சொன்னால் சிறை. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது."

"பரவாயில்லை, சொல்லித் தொலையும்! வாயெல்லாம் வைக்கோலாக இருக்கிறது!"

"கொஞ்சம் நெய் தடவித் தரட்டுமா? பாதாம் வைத்து மடிக்கட்டுமா?"

"யோவ், குடம் நெய்யை ஊற்றினாலும் சுண்ணாம்பு இல்லாமல் எப்படிச் சிவக்கும்?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். மெல்லத் திரும்பிப் பட்டுத்திரையைப் பார்த்தார்.

"அம்மாவின் கொல்லையில் அது சுவரைக் கொத்தியது…"

"முட்டை ஓட்டுக்கு வேண்டியதைத்தான் தேடித் தின்றது மகாராஜா."

அன்றே திரைகள் இறங்கின. பால்கோவா நின்றது. நொய்யும் கீரையும், உதிர்ந்த பழங்காறையும், இடித்த கிளிஞ்சலும் வைத்தார்கள். சிட்டு மற்றதை விட்டுவிட்டுக் கிளிஞ்சலைத்தான் முதலில் கொத்தியது. செம்பாயி பக்கத்திலேயே கிடந்தாள்.

மார்த்தாண்டர் விடவில்லை. "சந்தையில் முட்டை வாங்கி வைத்துவிடுவார்கள் மகாராஜா. சபையில், எல்லார் கண் முன்னாலும் இடட்டும். ஓட்டோடு இட்டால் என் தலைப்பாகையை இழக்கிறேன்!"

அமாவாசைக் காலையில் செம்பாயி கோழியைச் சபையில் இறக்கிவிட்டாள். மார்த்தாண்டர் மிடுக்காகத் தலைப்பாகையைக் கழற்றி, பந்தயப் பொருளாகத் தரையில் வைத்தார்.

சிட்டு சிம்மாசனத்தைச் சுற்றியது. தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. எங்கேயும் அதற்கு ஒதுக்கிடம் கிடைக்கவில்லை. கடைசியில் மார்த்தாண்டரின் தலைப்பாகைக்குப் பக்கத்தில் வந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பள்ளமாக, மெத்தென்று இருந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ! அது சரிகைப் பாகை!" என்று பாய்ந்தார் மார்த்தாண்டர்.

"மூச்சு விடாதேயும்!" என்று உறுமினார் ராஜா. "அம்மாவின் கோழி உட்கார்ந்திருக்கிறது."

சபையே மூச்சை அடக்கிக்கொண்டது. வெகுநேரம் கழித்துச் சிட்டு எழுந்து, சிறகை உதறி, அரண்மனை அதிரக் கொக்கரித்தது. ராஜா இறங்கி வந்து முட்டையை எடுத்துச் சிம்மாசனக் கையில் தட்டினார்.

டொக்!

சபை ஆரவாரித்தது. செம்பாயி கோழியை வாரி அணைத்துக்கொண்டாள்.

"தலைப்பாகை இனி சிட்டுவுக்கு" என்றார் ராஜா. "மார்த்தாண்டரே, கிளிஞ்சல் இடிக்கிற வேலை உமக்கு. வெறுந்தலையோடு இடியும்!" அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பிறகு செம்பாயியைப் பார்த்து, "அம்மா என்னிடம் சொன்னதை நீதான் செய்தாய். அம்மாவின் கொல்லை இனி உன்னுடையது" என்றார்.

ராஜாவின் வம்சம் போய்விட்டது. அரண்மனை இருந்த இடத்தில் இப்போது கம்பு விதைக்கிறார்கள். செம்பாயிக்குக் கொடுத்த கொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் கோழிகள் மேய்கின்றன.