அமலோற்பவத்தின் இரண்டாம் வரி

"டீச்சர், என் விரல் சரியில்ல. வேற விரல் எங்கயாவது கிடைக்குமா?"

வந்ததும் வராததுமாகச் சவரிமுத்து புலம்பினார். டவுன் பஸ் டிரைவர். ஐம்பது தாண்டியபிறகு கிட்டார் வாங்கியவர்.

டீச்சர் பிரின்சிக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. பாலக்கரையில் ஒரு மாடி அறையில் சொல்லிக்கொடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள்.

"என்னாச்சு அங்கிள்?"

"கம்பில விரல வச்சா ஜி கார்டு வந்துடுது. அடுத்த கார்டு சி-க்குத் தாவும்போது மோதிர விரல் வழுக்குது. டொங்குங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முதல்லேர்ந்து."

"மறுபடி டொங்குன்னா?"

"மறுபடி முதல்லேர்ந்து. தப்ப வச்சிக்கிட்டு எப்படி டீச்சர் மேல போறது?"

அவர் அவசரம் அவருக்கு.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி அமலோற்பவம் அவரைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். முதல் வரியைப் பாடுவாள். வெட்கம் வந்துவிடும். நிறுத்திவிடுவாள். இத்தனை வருடம் கெஞ்சியும் அடுத்த வரி வெளியே வரவில்லை.

"கூட ஒரு வாத்தியம் இருந்தா வெட்கம் தெரியாது. நீங்க வாசிங்க, முழுசாப் பாடுறேன்" என்று போன மாதம் விளையாட்டாகச் சொன்னாள்.

மறுநாளே மனிதர் கிட்டாரோடு வந்து நின்றார்.

இப்போது அவளும் தயார், பாட்டும் தயார். முதல் வரி முடிகிற இடத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன சி. டொங். உடனே இவர், "இரு இரு, முதல்லேர்ந்து!"

"நேத்து கோவிச்சுக்கிட்டா டீச்சர். நாளைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை பாடுவாளாம். அதுக்கப்புறம் கேக்கவே கூடாதாம்."

பிரின்சி கிட்டாரைத் தொடவே இல்லை.

"நாளைக்குக் காலைல எந்த பஸ் ஓட்டுறீங்க?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற வண்டி. ஏழரைக்கு."

"சரி, போயிட்டு வாங்க."

இவ்வளவுதானா கிளாஸ்? சவரிமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன் சீட்டில் பிரின்சி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சவரிமுத்துவின் இடது கை ஸ்டீயரிங் மேல் சும்மா இருக்குமா? ஜி, சி. ஜி, சி. விரல்கள் தாவிக்கொண்டே இருந்தன. மார்க்கெட் ஸ்டாப் வந்தது. போயும் விட்டது.

கண்டக்டர் விசிலை ஊதித் தள்ளினார். "யோவ் டிரைவரு!" என்று பஸ்ஸே கத்தியது. அவர் பிரேக்கை அழுத்தினார். இறங்கவேண்டியவர்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

பிரின்சி எழுந்தாள்.

"அங்கிள், வண்டிய டிப்போவுக்குத் திருப்புங்க."

"எதுக்கு டீச்சர்?"

"ஸ்டாப்ப விட்டுட்டீங்கல்ல. முதல்லேர்ந்து வாங்க."

பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா எகிறினாள். "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? எங்க பொழப்பெல்லாம் என்னாவுறது? நீ எடுய்யா வண்டிய!"

பிரின்சி அசையவில்லை. சவரிமுத்துவையே பார்த்தாள்.

சவரிமுத்து அவளைப் பார்த்தார். ஸ்டீயரிங் மேலிருந்த தன் விரல்களைப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். சிரித்தவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

"டிரைவருக்கும் கிறுக்குப் புடிச்சிடுச்சு" என்றாள் பூக்காரம்மா.

பஸ் கிளம்பியது.

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரை எடுத்தார்.

"இதான் கடைசி" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் ஆரம்பித்தாள்.

"முன் சீட்டுல ஏறி வந்தேன், முழு ஊரும் பாத்து வந்தேன்..."

டொங்.

அவள் நிறுத்தப்போனாள். கிட்டார் நிற்கவில்லை. வழுக்கிய விரலோடு, கோணல்மாணலாக, முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட்டாள்.

"கண்ணாடியில நீ பாத்தே, காணாதவ போல வந்தேன்..."

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்துக்கு முன்பு, அவள் அவருடைய பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், அவர் திருட்டுத்தனமாகப் பார்த்ததெல்லாம் அவளுக்குத் தெரியுமா! அப்போதேவா?

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

கேட்டால் கை நின்றுவிடும்.

வாயை மூடிக்கொண்டு அடுத்த கார்டுக்குத் தாவினார். அதுவும் தப்பான கார்டுதான். அமலோற்பவம் சிரித்துக்கொண்டே மூன்றாம் வரியை எடுத்தாள்.