வடிவு திரும்பிப் பார்க்கலை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு வடிவு. லேசான குச்சிங்களை ஒட்டி, மேல மெல்லிசுப் பேப்பர் போர்த்தி, குட்டிக் குட்டியா பிளேன் செய்வா. பொம்மைதான். ஆனா ரப்பரை முறுக்கி விட்டா கொர்ர்ர்னு பறக்கும். ம் சொல்லு.

ம்.

ஒரு நாள் அவ அக்கா சொர்ணம், ஆத்து நடுவுல இருக்கற மணல் திட்டுக்கு ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனா. எங்கயோ மலையில பேஞ்ச மழை, ஹோன்னு வெள்ளமா வந்துடுச்சு. கரையில இருந்த ஒரே பரிசலும் வெள்ளத்துல போயே போச்சு. அக்காவுக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி.

பரிசல்காரர் மாடசாமி மாமா கல்லுல நூலைக் கட்டி வீசினாரு. பாதியிலயே தொபுக்!

அப்போ வடிவு சொன்னா, "மாமா, என் பிளேன் வாலுல நூலைக் கட்டி விடறேன். அக்கா நூலை இழுத்தா சணல் போகும், சணலை இழுத்தா பெரிய கயிறு போகும்."

"அப்ப விடேன்மா!"

"இறக்கைக்குப் பேப்பரே ஒட்டலையே மாமா!"

ஓடிப்போய்ப் பிளேன், பசை, பலகை, ஊசி, வார்னிஷ், ரெண்டே ரெண்டு பேப்பர் எல்லாம் கரைக்குக் கொண்டாந்தா. அவசர அவசரமா ஒட்டினா. முதல் பேப்பர் பர்ர்ர்னு கிழிஞ்சுது.

அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவதை ஒட்டினா. அது மேல புஸ் புஸ்ஸுன்னு தண்ணி தெளிச்சா. பேப்பர் தொளதொளன்னு ஆயிடுச்சு. "கெடுத்துட்டியேம்மா!"ன்னாரு மாமா. "இல்ல மாமா, காயக் காய விறைப்பா இழுத்துக்கும்." காயற வரைக்கும் அசையக்கூடாதுன்னு இறக்கையைப் பலகையோட ஊசி குத்தி வச்சா.

"வடிவூ! இடுப்புக்கு வந்துடுச்சுடீ!"

அக்கா கத்தினதும் வடிவு அவசரப்பட்டு, ஈரம் போகறதுக்குள்ள ஊசியைப் பிடுங்கிட்டா. இறக்கை சுட்ட அப்பளமா முறுக்கிக்கிச்சு. அப்படியே விட்டா நேரா தண்ணிக்குள்ளதான். ஏய், போர்வையை உதைக்காத. ம்?

ம்!

மறுபடி தண்ணி தெளிச்சா. முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. இனி அசைஞ்சா போச்சு. முதுகுக்குப் பின்னாடி ஆறு. "வடிவூ... வடிவூ..."ன்னு அக்கா குரல். அப்புறம் அந்தக் குரலும் நின்னுடுச்சு.

திரும்பிப் பார்த்தா கை அசையும். கண்ணுல தண்ணி மாலை மாலையா ஊத்துது, பாவம் துடைக்கக் கையில்லை. அவ திரும்பலை.

கடைசியா விரலால சுண்டினா. டம்! நல்லா விறைச்சிருந்துது. சாரல்ல மறுபடி தொளதொளக்காம இருக்க வார்னிஷ் ஒரு பூச்சு. ஊது ஊதுன்னு ஊதிக் காயவச்சு, இறக்கையை மாட்டி, நூலைக் கட்டினா. அப்பதான் திரும்பினா.

அக்கா இருந்தா! கழுத்து வரைக்கும் தண்ணி. தலை மேல ஆட்டுக்குட்டி, பல்லுல அதோட கயிறு. எப்படிக் கூப்பிடுவா?

கொர்ர்ர்... பிளேன் ஆடுது, சாயுது, நிமிருது. அக்காவைத் தாண்டிப் போய் விழுந்துது. நூல் அவ தோள் மேலயே கிடந்துது. நூலுக்கு அப்புறம் சணல், சணலுக்கு அப்புறம் கயிறு. அக்கா கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டா. மாமாவும் ஊர்க்காரங்களும் இழு இழுன்னு இழுத்தாங்க.

ஆட்டுக்குட்டியோட கரை ஏறின அக்கா நடுங்கிக்கிட்டே கேட்டா, "ஏன்டி, அவ்ளோ கத்தினேனே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா?"

வடிவு அவளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. "பார்த்திருந்தா கையை விட்டிருப்பேன்க்கா."

அவ்வளவுதான் கண்ணு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, கதையும் போயிடுச்சு. நீ கண்ணை மூடு.