புள்ளியப்பன் வாங்கிய கொம்புத்தூள்

மூங்கில் காட்டில் புள்ளியப்பன் என்று ஓர் ஆண் புள்ளிமான் இருந்தது. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அதன் கொம்புகள் இரண்டும் நாவல் மரத்தடியில் கழன்று விழுந்தன. இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆண் மான்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை கொம்பு விழும், பிறகு தானாக முளைக்கும். அதிலும் இடது கொம்பின் நுனி மூங்கிலில் மாட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. போனதே நல்லது என்றுதான் புள்ளியப்பன் நினைத்தது.

அதன் கவலை வேறு. அந்த மான் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கொம்பு முற்றியதும் ஆண் மான்கள் குளக்கரையில் முட்டிப் பார்க்கும். ஒரே மானிடம் இரண்டு வருஷம் தொடர்ந்து தோற்ற மான் கூட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். போன வருஷம் புள்ளியப்பன் நெட்டையன் என்ற மானிடம் தோற்றிருந்தது. இந்த வருஷமும் தோற்றால் செந்நாய்கள் திரியும் காட்டோரத்தில் தனியாகக் கிடக்க வேண்டும். மனைவி சிவந்தியையும் பிரிய வேண்டும்.

இந்த நிலைமையில்தான் முள்ளையா வந்து சேர்ந்தது. முள்ளையா ஒரு முள்ளம்பன்றி. கிழங்கு தோண்டும், கிடைத்ததைக் கொறிக்கும், மிச்சத்தை விற்கும்.

"அண்ணே, கொம்பு விழுந்துருச்சாமே. நம்மகிட்ட கொம்புத்தூள் இருக்கு. சாதா, ஸ்பெஷல், கோல்டு, மூணு தரம்."

"மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

"சாதா ஒரு தேக்கிலையில கட்டினது. ஸ்பெஷல் ரெண்டு தேக்கிலையில கட்டினது. கோல்டு நானே உக்காந்து நிதானமா கட்டினது."

புள்ளியப்பன் லேசில் ஏமாறுகிற மான் இல்லை. அப்படித்தான் அது தன்னைப் பற்றி நினைத்திருந்தது. கோல்டு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தது. நாக்கில் வைத்துப் பார்த்தது. கொஞ்சத்தைக் குளத்துத் தண்ணீரில் போட்டும் பார்த்தது. தூள் மிதக்காமல் நேரே அடிக்குப் போனது.

"கலப்படம் இல்லைபோலத் தெரியுது," என்றது புள்ளியப்பன்.

"மண்ணு, சாம்பல் எதுவும் கிடையாதுண்ணே. அத்தனையும் சுத்தமான மான் கொம்பு."

இது உண்மை. இந்தக் கதை முழுவதிலும் முள்ளையா ஒரு பொய்கூடச் சொல்லாது.

"இதைச் சாப்பிட்டு யாருக்காவது வளர்ந்திருக்கா?"

"போன வருஷம் நாலு பேரு சாப்பிட்டாங்க. நாலு பேருக்கும் வளர்ந்துச்சு."

சாப்பிடாத மான்களுக்கு என்ன ஆனது என்று புள்ளியப்பன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முள்ளையா அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கும்.

"நெட்டையனைப் பாருங்க," என்றது முள்ளையா.

புள்ளியப்பன் பார்த்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் நெட்டையன் நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் புதுக் கொம்பு அதற்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தது. நெட்டையனுக்குக் கொம்பு விழுந்தது ஒரு மாதத்துக்கு முன்னால் என்பது புள்ளியப்பனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"கோல்டே குடு. உனக்கு நான் என்ன தரணும்?"

"உவர்மண் மேட்டுல உங்க இடத்தை விட்டுக்குடுங்க போதும். இந்த சீசன் முழுக்க."

குளத்துக்கு மேற்கே உவர்மண் மேடு இருந்தது. அங்கே மண்ணில் உப்பு பூத்திருக்கும். ஒவ்வொரு மானுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. காலையில் போய் நக்கும். ஏன் நக்குகிறோம் என்று எந்த மானும் யோசித்ததில்லை. நன்றாக இருக்கும், அதனால் நக்கும்.

"வெறும் மண்ணுதானே, எடுத்துக்கோ," என்றது புள்ளியப்பன்.

சிவந்தி இதைக் கேள்விப்பட்டதும் பொட்டலத்தை எட்டிப் பார்த்தது.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"எனக்குக் கொம்பு முளைச்சா நம்புறேன்."

பத்து நாள் சிவந்தி தூளை நக்கியது. காது மட்டும்தான் தலையில் இருந்தது, முன்பும் அதுதான் இருந்தது.

"இது ஆம்பளைங்களுக்கான தூள். உனக்கு எப்படி முளைக்கும்?" என்றது புள்ளியப்பன்.

"அப்படின்னா தூள் நக்காத ஆம்பளை தலையையும் கொஞ்சம் பாருங்களேன்."

"நெட்டையனே வாங்குறான்."

"வாங்கினதை நீங்க பார்த்தீங்களா?"

"கொம்பைப் பார்த்தேனே!"

சிவந்திக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, "உடம்பு இளைச்சுப் போச்சுங்க. உவர்மண் மேட்டுல என் இடத்துலயாவது வந்து நக்குங்க," என்றது.

"கோல்டு இருக்கும்போது மண்ணு எதுக்கு?"

புள்ளியப்பனுக்கும் கொம்பு முளைத்தது. முதல் முடிச்சு தெரிந்த அன்று அது குளத்தில் ஏழெட்டுத் தடவை முகம் பார்த்தது. "வேலை செய்யுது பார்," என்று எதிரே வந்த எல்லோரிடமும் சொன்னது. கொம்பு ஒல்லியாக, கவட்டைக் குச்சி மாதிரி வளர்ந்து பாதியில் நின்றது. தூள் சாப்பிடாமல் இருந்திருந்தால் இதுகூட வந்திருக்காது என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது. உவர்மண் மேட்டில் முள்ளையா மட்டும் நாளுக்கு நாள் பளபளப்பாகிக்கொண்டு வந்தது.

முட்டும் நாள் வந்தது. கூட்டம் முழுவதும் குளக்கரையில் கூடியது. நெட்டையன் வந்து எதிரே நின்றது. அதன் கொம்பை அண்ணாந்து பார்த்தபோது புள்ளியப்பன் ஓர் அடி பின்னால் நகர்ந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசை விடவில்லை.

"நீங்க எதைச் சாப்பிடுறீங்க? ஸ்பெஷலா, கோல்டா?"

"என்ன ஸ்பெஷல்?" என்றது நெட்டையன்.

"கொம்புத்தூள்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. காலையில உவர்மண் நக்குவேன், அப்புறம் புல்லு மேய்வேன். வேற பழக்கம் கிடையாது."

முதல் முட்டிலேயே புள்ளியப்பனின் வலது கொம்பு முறிந்து குளக்கரையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அதற்கு அதிக அவமானமாக இருந்தது. சிவந்தி அழுதது. புள்ளியப்பன் தலையைக் குனிந்துகொண்டு காட்டோரத்தைப் பார்த்து நடந்தது.

போகிற வழியில்தான் முள்ளையாவின் வளை. வளை வாசலில் முள்ளையா உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. அது ஒரு கொம்பின் நுனி. இரண்டாகப் பிளந்திருந்தது.

புள்ளியப்பன் நின்றுவிட்டது. "இது என் கொம்பு."

"ஆமாண்ணே. நாவல் மரத்தடியில கிடந்துச்சு."

"என் தலையில இருந்து விழுந்ததை எனக்கே வித்தியா?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கலையே. தரத்தைத்தான் கேட்டீங்க. தரத்துல ஏதாவது குறை இருந்துச்சா?"

புள்ளியப்பன் யோசித்துப் பார்த்தது. தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உவர்மண் நக்கிக்கிறேன்," என்றது மெதுவாக.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. சீசன் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. அது வரைக்கும் அது என் இடம்."

புள்ளியப்பன் மேலே நடந்தது. தூரத்தில் செந்நாய் ஒன்று சீழ்க்கை அடிப்பது கேட்டது. பின்னாலிருந்து முள்ளையா கூப்பிட்டது.

"அண்ணே, இன்னைக்கு முறிஞ்ச துண்டு குளக்கரையிலதானே கிடக்கு? கோல்டுக்கு ஆகும்."

ஒரு பொருள் சுத்தமானதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அது இல்லாமலே என்ன நடந்திருக்கும் என்றும் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றும் பார்க்காதவன் கையில் இருப்பதையும் இழப்பான்.